கோலாலம்பூர் செந்தூல்ல 50 தாண்டுனவங்களுக்கு நடக்கற எக்செல் வகுப்பு, என் ரிவியூ

இன்னும் வேலைக்கு போயிட்டு இருக்கீங்க, வயசு 50 தாண்டிருச்சு, ஆப்பிஸ்ல எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கிட்டே வருது, எங்க போயி கத்துக்கறதுன்னு தெரியலன்னா இந்த எக்செல் (கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு கணக்கு எழுதற புரோகிராம்) வகுப்புக்கு தாராளமா போகலாம். அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுக்கறேன். அரை எதுக்கு கொறச்சேன்னு கீழ எழுதிருக்கேன், அதையும் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

இடம் செந்தூல்ல ஒரு கடைவீட்டு மாடி, எல்.ஆர்.டி. ஸ்டேஷன்லருந்து நடந்தே போயிடலாம். சனிக்கிழமை சாயங்காலம், ரெண்டு மாசம், மொத்தத்துக்கும் 180 வெள்ளி (ரிங்கிட்). ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஏர்கான் நல்லா இருக்கு.

எனக்கு 57 வயசு, செகாம்புட்ல ஒரு பேக்டரி ஸ்டோர்ல வேலை. பின் கார்டு (ஒவ்வொரு சாமானுக்கும் வந்தது போனது எழுதற அட்டை) எழுதறது, டி.ஓ. (சாமானோட வர்ற டெலிவரி ஆர்டர் சீட்டு) செக் பண்ணி சாமான் எறக்கறது, வருஷக் கடைசில இருக்கற சாமான எண்ணிப் பாக்கற ஸ்டாக் டேக், இதெல்லாம் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வேன். கம்பெனில எல்லாத்தையும் சிஸ்டத்துல ஏத்தப் போறோம்னு சொல்லி டிரெய்னிங்குக்கு ஆள் எடுத்தப்ப சின்ன பசங்களா பாத்து அனுப்புனாங்க, என் பேரு லிஸ்ட்ல இல்ல, கேட்டதுக்கு "அக்கா உங்களுக்கு இன்னும் கொஞ்ச வருஷந்தானே"ன்னு ஆபிசர் சொன்னாரு. மரியாதையாதான் சொன்னாரு, ஆனா எனக்கு ரொம்ப வலிச்சது. 2013 ஜூலைலருந்து தனியார் கம்பெனிலயும் 60 வயசு வரைக்கும் வேலை உண்டுன்னு சட்டமே இருக்கு, மூணு வருஷம்னா என்ன சும்மாவா, மூணு ஸ்டாக் டேக் இருக்கு அதுக்குள்ள. இன்னொண்ணு, நம்ம ஊர்ல பத்து பேரோ அதுக்கு மேலயோ ஆள் வச்சிருக்கற கம்பெனிங்க எச்.ஆர்.டி. கார்ப்புக்கு (வேலையாளுங்க பயிற்சிக்கான அரசாங்க அமைப்பு) சம்பளத்துல 1 சதவீதம் லெவி கட்டறாங்க, வேலையாளுங்களுக்கு பயிற்சி குடுக்கத்தான் அந்த காசு. ஆனா அத கிளெய்ம் பண்றது முதலாளி, யாரை அனுப்பணும்னு முடிவு பண்றதும் அவர்தான். வயசானவங்கள அனுப்பலன்னா ஏன்னு கேக்க ஆளில்ல. அதனால என் கைக்காச போட்டு நானே தேடிப் போனேன்.

இப்ப வகுப்ப பத்தி. சொல்லிக்குடுக்கறவரு ஒரு பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, தமிழர்தான், ஆனா வகுப்பு மலாய்ல நடக்குது ஏன்னா எல்லா இனமும் வராங்க. மொத நாளு கம்ப்யூட்டர தொறக்கவே சொல்லல. அவங்கவங்க வேலையில எழுதற நோட்ட கொண்டு வரச் சொல்லியிருந்தாரு, அத மேசைல வச்சு ஒவ்வொருத்தரா விளக்க சொன்னாரு. நான் பின் கார்டு காட்டுனேன். ஜாலான் ஈப்போல ஹார்ட்வேர் கடை வச்சிருக்கற சீன அங்கிள் ஒருத்தரு கடன் நோட்டு கொண்டு வந்தாரு. பள்ளிக்கூட கேன்டீன் எடுத்து நடத்தற மலாய்க்கார அக்கா பாசார் (மார்க்கெட்) கணக்கு நோட்டு. செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆகி இப்ப அடுக்குமாடி கொண்டோல ஜாகா (செக்யூரிட்டி) வேலை பாக்கற நம்ம அண்ணன் ஒருத்தரு, அவரு கார் நம்பர் எழுதற புக்க கொண்டு வந்தாரு. அதையெல்லாம் பாத்துட்டு சார் சொன்னாரு, நீங்க எல்லாரும் ஏற்கனவே கட்டம் போட்டு கணக்கு எழுதறவங்கதான், கையால கோடு போடறீங்க, இங்க மெஷின் கோடு போட்டு வச்சிருக்கு, அவ்வளவுதான்னு. இந்த வகுப்போட பலமே இதுதான். ஒண்ணும் தெரியாதவங்க வந்திருக்காங்கன்னு நெனச்சு ஆரம்பிக்கல.

ஒரு விஷயம் மட்டும் விவரமா சொல்றேன். மூணாவது பாடமோ என்னவோ, ஐட்டம் கோடு டைப் பண்ணிட்டு இருக்கோம். நான் 00457ன்னு அடிச்சு என்டர் தட்டுனா அது 457ன்னு ஆயிடுது. திரும்ப அடிச்சாலும் அதே. எங்க ஸ்டோர்ல 00457 ஒரு சாமான், 457 வேற சாமான், ஒண்ணு பேரிங், ஒண்ணு வாஷர், மாத்தி எழுதுனா லைன் நின்னுடும். பக்கத்துல இருந்த ரயில்வே அண்ணனும் எட்டிப் பாத்துட்டு "ஒர்க்‌ஷாப்லயும் இப்படித்தாம்மா, முன்னாடி வர்ற சைபர விட்டா வேற பார்ட் வந்துரும்"னாரு. நான் கைய தூக்கி சார் இது தப்புன்னு சொன்னேன். சார் வந்து பாத்தாரு, கிளாஸ நிறுத்துனாரு, எல்லாருக்கும் காட்டுனாரு. எக்செல் அத நம்பர்னு நெனச்சு முன்னாடி இருக்கற சைபர தூக்கிடுது, அந்த காலத்த (column, மேலருந்து கீழ வர்ற கட்ட வரிசைய) டெக்ஸ்ட்னு மாத்திட்டு அடிச்சா இல்லன்னா முன்னால ஒரு ஒத்த மேற்கோள் குறி போட்டு அடிச்சா அப்படியே நிக்கும். சின்ன பசங்க இத கவனிக்க மாட்டாங்க, ஸ்டோர்ல நின்னவங்கதான் கவனிப்பாங்கன்னு சாரே சொன்னாரு. விலுக்கப் (VLOOKUP, ஒரு கோட குடுத்தா லிஸ்ட்லருந்து அதோட விவரத்த தேடி எடுக்கற ஃபார்முலா) சொல்லிக்குடுக்கறப்பவும் அப்படித்தான், கடைசில ஃபால்ஸ்னு போடலன்னா கிட்டத்தட்ட பொருந்தறத எடுத்துக் குடுத்துடும், "பின் கார்டு தேடறப்ப கிட்டத்தட்ட இருந்தா போதும்னு விடுவீங்களா"ன்னு என்னை பாத்து கேட்டாரு. அதுக்கப்புறம் ஃபால்ஸ் போட மறக்கவே இல்ல நான்.

நான் கை தூக்குனேன்னு சாதாரணமா எழுதிட்டேன், ஆனா அது எனக்கு சாதாரணம் இல்ல. தமிழ்ப்பள்ளி முடிச்சு பெராலிஹான் வகுப்புல (மலாய் பழகறதுக்கான புகுமுக வகுப்பு) ஒரு வருஷம் உக்காந்து அப்புறம் மலாய் செக்கண்டரிக்கு போனவங்களுக்கு தெரியும், மொழி தடுமாறும், கேள்வி கேட்டா சிரிப்பாங்கன்னு வாய மூடிட்டே உக்காந்து பழகிடுவோம். அந்த பழக்கம் 57 வயசுலயும் போகல, வகுப்புல நம்ம பொம்பளைங்க எல்லாரும் மொதல்ல அப்படித்தான் இருந்தோம். சீன அங்கிள் ஒரே கேள்விய வெக்கப்படாம திரும்பத் திரும்ப கேப்பாரு, போன்ல வீடியோ எடுத்து வச்சுக்குவாரு. அவருக்கு அவசரம், 2024 ஆகஸ்ட்ல பெரிய கம்பெனிங்கள வச்சு எல்.எச்.டி.என். (வருமான வரி வாரியம்) இ-இன்வாய்ஸ, அதாவது கம்ப்யூட்டர் வழியா பில் அனுப்பறத, ஆரம்பிச்சதுலருந்து சப்ளையருங்க எல்லாம் அதப்பத்தியே பேசறாங்களாம். மலாய்க்கார அக்கா தனியா எதையும் செய்ய மாட்டாங்க, பக்கத்துல இருக்கறவங்களையும் சேத்து இழுத்து ஒண்ணா முடிப்பாங்க, குவே (பலகாரம்) வேற கொண்டு வருவாங்க. எல்லா சீனரும் இப்படி எல்லா மலாய்க்காரரும் அப்படின்னு சொல்ல வரல, எங்க வகுப்புல பாத்தது இது. சார் இத கவனிச்சு மூணு மூணு பேரா கலந்து உக்கார வச்சாரு. அங்கிள் கேக்கற கேள்வில எங்க சந்தேகமும் தீந்துச்சு, கொஞ்ச நாள்ல நாங்களும் கேக்க ஆரம்பிச்சோம்.

வயசுக்கு ஏத்த மாதிரி செய்யறதும் நல்லா இருக்கு. போன வாரம் சொன்னத இந்த வாரம் மொத அரை மணி நேரம் பாக்காம திரும்ப செய்யணும், அப்பதான் மண்டைல நிக்குது. எழுத்து பெருசா தெரிய கன்ட்ரோல அமுக்கிட்டு மவுஸ் சக்கரத்த உருட்டறது, அம்புக்குறிய செட்டிங்ல பெருசாக்கறது எல்லாம் ஆரம்பத்துலயே காட்டிடறாங்க. யாரும் நம்ம மவுஸ புடுங்கி அவங்களே செஞ்சு குடுக்கறதில்ல, வீட்ல பிள்ளைங்க செய்யற மாதிரி. இது பெரிய விஷயம்.

டீ நேரத்துல சார் சொல்லித்தான் எனக்கு தெரியும், வயசானவங்களுக்குன்னு மூணாம் வயது பல்கலைக்கழகம் 1973ல பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல ஆரம்பிச்சதாம், அங்க யுனிவர்சிட்டியே நடத்துச்சு. 1980கள்ல பிரிட்டனுக்கு போனப்ப அத மாத்தி, ரிட்டயர் ஆனவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுக்கற மாதிரி ஆக்கிட்டாங்க. நம்ம செர்டாங் யூ.பி.எம். (புத்ரா பல்கலைக்கழகம்)லயும் அந்த மூணாம் வயது பல்கலைக்கழகம் (யூ3ஏ) இருக்கு. ஆனா வேலைல இருக்கறவங்களுக்கு வேற மாதிரி வேணும். சிங்கப்பூர்ல 2024 மே மாசம் 40 வயசும் அதுக்கு மேலயும் இருக்கற குடிமக்களுக்கு படிக்கறதுக்குன்னு 4,000 டாலர் கிரெடிட் ஆளுங்க பேருலயே போட்டாங்க, முதலாளிகிட்ட கெஞ்ச வேண்டியதில்ல. ஜப்பான்ல 2021 ஏப்ரல்லருந்து 70 வயசு வரைக்கும் வேலை வாய்ப்பு குடுக்க கம்பெனிங்க முயற்சி எடுக்கணும்னு சட்டத்துலயே போட்டுட்டாங்க. நம்ம நாட்டுலயும் சிங்கப்பூர் மாதிரி படிப்புக்கான காசு ஆளுங்க பேருல வரணும்னு நான் மனசார ஆசைப்படறேன். ஜாகா அண்ணன் மாதிரி ஆளுங்க 12 மணி நேர ஷிப்ட் முடிச்சிட்டு கண்ணு எரிய வந்து உக்காந்து கத்துக்கறத பாத்தா அந்த 180 வெள்ளிய அவரு கட்டியிருக்கவே கூடாதுன்னு தோணும்.

சரி, அந்த அரை ஸ்டார். மாடிப்படி செங்குத்து, லிப்ட் இல்ல, முட்டி வலி உள்ளவங்களுக்கு கஷ்டம். 50 தாண்டுனவங்களுக்குன்னு போர்டு போட்டுட்டு இப்படி ஒரு மாடிய புடிச்சா எப்படி? நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், பேசறது மலாய், வீட்டுக்கு போயி படிக்க பாதி பேரால முடியல, நாங்க கேட்டு கேட்டு மலாய்ல ஒரு செட் அடிச்சு குடுத்தாங்க, தமிழ்லயும் சீனத்துலயும் இன்னும் வரல. அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டுந்தான் வகுப்பு, ஷிப்ட் மாறறவங்களுக்கு பாதி பாடம் போயிடுது, விட்ட பாடத்த ஈடு கட்ட வழி இல்ல. வார நாள்ல ராத்திரி ஒரு வகுப்பு வச்சா நல்லாருக்கும், சொல்லியிருக்கேன், பாக்கறோம்னு சொன்னாங்க.

முடிக்கறப்ப ஒரு சான்றிதழ் தராங்க, அது சென்டரே அடிச்சு குடுக்கறது, அத வச்சு புது வேலை தேடலாம்னு நெனச்சு போகாதீங்க. வேலையில இருக்கற இடத்துல உங்க கணக்க நீங்களே சிஸ்டத்துல பாக்கறதுக்கு போங்க. நான் இப்ப ஸ்டாக் லிஸ்ட்ட நானே பில்டர் பண்ணி கொறைவா இருக்கறத எடுத்து ஆர்டருக்கு அனுப்பறேன், சின்ன பசங்க சைபர் விட்டு அடிச்சத நான்தான் திருத்தறேன்.

போறவங்க மொதல்ல போன் பண்ணி எடம் இருக்கான்னு கேட்டுக்கங்க, சீக்கிரம் நெறஞ்சிடுது. படிக்கற கண்ணாடி, ஒரு ஜாக்கெட், உங்க வேலை நோட்டு மூணையும் கொண்டு போங்க. லேப்டாப் தேவையில்ல.