இறால் குளத்தில் பேசில்லஸ்: பல வளர்ப்புகளுக்குப் பிறகு

பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் கலந்த பவுடரை இறால் குளத்தில் பல வளர்ப்புகளில் தொடர்ந்து போட்டால் ஒன்று தெளிவாகும்: எந்த பிராண்ட் என்பதைவிட, எப்போது போடுகிறோம் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

குளோரின் அடித்த குளத்தில் நல்ல பாக்டீரியாவும் கெட்டதும் சேர்ந்தே சாகும். காலியான அந்த நீரில் முந்திக்கொண்டு பெருகுவது விப்ரியோ என்ற பாக்டீரியா. அதில் ஒரு வகையால் வரும் ஈஎம்எஸ் (இறால் இளம் பருவத்திலேயே சாகும் நோய்) பெரும்பாலும் குஞ்சு விட்ட முதல் 35 நாட்களுக்குள் தாக்கும். ஆகவே குளோரின் எச்சம் பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த உடனே, குஞ்சு விடுவதற்கு ஒரு வாரம் முன்பே பேசில்லஸ் இறங்கிவிட வேண்டும். பலரும் இறால் சோர்ந்த பிறகுதான் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். அதற்குள் இடம் பறிபோயிருக்கும்.

டிரம்மில் ஊறவைத்துப் பெருக்க 100 லிட்டர் சுத்தமான நீர், 2 கிலோ மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைப் பாகு), 200 கிராம் பவுடர் போதும். காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் 24 மணி நேரமும் ஓடட்டும். குளத்து நீரையே அள்ளி ஊறவைப்பதுதான் பெரிய தவறு. மொலாசஸில் இருக்கும் சுக்ரோஸ், டிசிபிஎஸ் தட்டில் (விப்ரியோவை வளர்த்து எண்ணும் சோதனைத் தட்டு) மஞ்சளாக முளைக்கும் விப்ரியோவுக்கும் தீனி. எதிரியையே வளர்த்துக் குளத்தில் ஊற்றியதாகிவிடும். அழுகல் வாடை வந்த டிரம்மைப் பயன்படுத்தவே கூடாது.

ஊற்றும் நேரம் காலை, வெயில் ஏறிய பின். ஏரேட்டர் எல்லாம் ஓட வேண்டும், கரைந்த ஆக்ஸிஜன் 4 பிபிஎம்முக்கு மேல் இருக்க வேண்டும். மாலையில் மொலாசஸோடு ஊற்றினால் பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனைக் குடிக்கும். விடியற்காலையில் இறால் மேலே மிதக்கும். அயோடின், பிகேசி போன்ற கிருமிநாசினி போட்டிருந்தால் 3 நாள் பொறுங்கள்.

தீவனத்தில் என்றால் கிலோவுக்கு 5 கிராம், சிறிது நீரும் பைண்டரும் (ஒட்டுப் பொருள்) சேர்த்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள்.

வேலை செய்கிறதா என்பதை நீரின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை டிசிபிஎஸ் தட்டில் எண்ணுங்கள். பச்சைக் காலனிகள் வாரத்துக்கு வாரம் ஏறினால் எச்சரிக்கை. ஈஎம்எஸ் உண்டாக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகத்தான் வரும். ஆனால் பச்சை எல்லாமே ஈஎம்எஸ் அல்ல. நச்சு மரபணு இருக்கிறதா என்பதை பிசிஆர் என்ற மரபணுச் சோதனை மட்டுமே சொல்லும்.

பவுடரின் உயிரைச் சோதிக்கவும் வழி உண்டு. கரைசலை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கித் தட்டில் பரப்பினால் பேசில்லஸின் ஸ்போர்கள் (சூடு தாங்கும் உறக்க வித்துகள்) மட்டும் முளைக்கும். லேபிளில் கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருந்து, தட்டு வெறுமையாக இருந்தால் அந்தத் தொகுதியைத் திருப்பிவிடுங்கள்.

ஹெப்பட்டோபேன்கிரியாஸ் (இறாலின் செரிமான உறுப்பு) வெளுத்துச் சுருங்கிய இறாலை பேசில்லஸ் மீட்காது. அது தீவனமே எடுக்காது. வெள்ளைப்புள்ளி, வைரஸால் வரும் நோய் என்பதால், அதற்கு இதை மருந்தாக நம்ப வேண்டாம்.