பள்ளத்தூரில் தொடங்கும் பத்துத் தட்டுகள்: பினாங்கில் ஒரு பழைய படக் கடை

பினாங்கு லெபு குயின் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு லெபு பாசார் பக்கம் நடந்தால், புடவைக் கடைகளுக்கும் மாலை கட்டுகிறவர்களுக்கும் நடுவில், பழைய படங்களையும் பாட்டுகளையும் மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. கைப்பேசியிலேயே எல்லாப் படமும் வந்துவிடுகிற காலத்தில் டிவிடி வாங்க நான் அங்கே போனதற்குக் காரணம், கடைக்காரர் தாமே தேர்ந்து அடுக்கி விற்கும் மனோரமா வரிசை. பத்துத் தட்டுகள், விலை 120 வெள்ளி. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாவின் பிறந்தநாளுக்காக வாங்கினேன்.

மற்றக் கடைகளில் எம்.ஜி.ஆர். படம் ஒரு பெட்டி, சிவாஜி படம் ஒரு பெட்டி என்று நாயகர்களை வைத்துத்தான் அடுக்கியிருப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர் என்றாலும், மனோரமா அந்தப் பெட்டிகளுக்குள் ஏதோ ஒரு காட்சியில் வந்துபோகிறவராகவே கிடப்பார். இங்கே அவருடைய வாழ்க்கையை வைத்தே ஆண்டுவாரியாக எண் இட்டிருக்கிறார்கள். “வரிசைய மாத்தாம பாருங்க தங்கச்சி, அப்பத்தான் அவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு தெரியும்” என்று பணம் வாங்கும்போது கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னபடியே பார்த்தோம்.

பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. 1937இல் மன்னார்குடியில் கோபிசாந்தா என்ற பெயரில் பிறந்தது, வறுமை காரணமாகத் தாயுடன் பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தது, தாய் வீட்டு வேலை செய்து வளர்த்தது, பதினோரு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுச் சிறுமியும் வீட்டு வேலைக்குப் போனது, பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறியது, வைரம் நாடக சபாவில் நடித்தது, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்தது எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கின்றன. அந்தத் தாளைப் படிக்காமல் முதல் தட்டைப் போடாதீர்கள்.

முதல் தட்டு 1958இல் வந்த ‘மாலையிட்ட மங்கை’. அதைத் தயாரித்த கண்ணதாசன் அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். கதாநாயகியானால் நான்கைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவாய், நகைச்சுவை என்றால் காலமெல்லாம் நடிக்கலாம் என்று அப்போது அவர் சொன்னதை மனோரமா பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். நாகேஷோடு சேர்ந்து நடித்த படங்கள் அடுத்த இரண்டு தட்டுகள். அவை எல்லாரும் அறிந்தவை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இந்தப் பெட்டியை வாங்கத் தகுந்ததாக்குவது நான்காவது தட்டு, 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் வேறொரு கடையில் இதே படத்தை வாங்கி, ஜில்ஜில் ரமாமணி வரும் பகுதிகளைப் பாதிக்குமேல் வெட்டியிருந்ததைக் கண்டு நான் மனம் நொந்திருக்கிறேன். மாற்றிக் கேட்டபோது அந்தக் கடையில் பதிலே சொல்லவில்லை. இந்தத் தட்டில் ஒரு காட்சியும் குறையவில்லை. ரமாமணி ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு நடிகை. சொற்களை இழுத்து இழுத்துப் பேசுகிற அந்தப் பேச்சில், பெரிய வித்வானைப் பக்கத்தில் பார்த்துவிட்ட வியப்பும், தானும் ஒரு கலைக்காரிதான் என்கிற பெருமிதமும் சேர்ந்தே வருகின்றன. தாளைப் படித்துவிட்டுப் பார்க்கிறபோதுதான், பள்ளத்தூர்ச் சிறுமி தான் வாழ்ந்த வாழ்க்கையையே சிவாஜிக்கும் பத்மினிக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்பது புரிகிறது. சிறு வயதில் தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது இந்தப் படத்தைப் பார்த்த அம்மா, ரமாமணி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

எழுபதுகளுக்கு ஒரே ஒரு தட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது குறைவு என்றே நினைக்கிறேன். ஏழாவது தட்டான ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) அதை ஈடுகட்டிவிடுகிறது. வீட்டு வேலை செய்யும் கண்ணம்மாவாக அவர் அந்தக் குடும்பத்துக்கே நியாயம் பேசுகிற காட்சியில், தாமும் தம் தாயும் பிறர் வீட்டில் வேலை செய்த நாட்கள் அவர் மனத்தில் ஓடாமல் இருந்திருக்குமா என்று அம்மா கேட்டார். தேசிய விருது பெற்றுத் தந்த ‘புதிய பாதை’ (1989), கிராமத்து ஆத்தாவாக வரும் ‘சின்னக் கவுண்டர்’ ஆகியவை அடுத்து வருகின்றன. பத்தாவது, பாட்டுத் தட்டு. 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்துக்காக அவர் பாடிய ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’வும், 1994இல் ‘மே மாதம்’ படத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பாடிய மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கும் பாட்டும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் அந்தச் சென்னைத் தமிழ் கொஞ்சமும் மங்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். எட்டாவது தட்டு பாதியில் நின்றுவிட்டது. கொண்டுபோய்க் காட்டியதும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். எந்தத் தட்டிலும் மலாய் மொழியில் வசன வரி இல்லை, தாளும் தமிழில் மட்டுமே இருக்கிறது. தேசியப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குக் கண்ணம்மாவின் பேச்சை நானே ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கும் மனோரமாவைக் காட்ட வேண்டும் என்றால், தாளையாவது இரு மொழியில் அச்சிடுவது அவசியம். மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் கதாநாயகியாகவே நடித்த ‘கொஞ்சும் குமரி’ (1963) பெட்டியில் இல்லாதது பெரிய குறை. அம்மா அதைத்தான் முதலில் கேட்டார். நல்ல பிரதி கிடைக்கவில்லை என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொல்லி, கிடைத்தால் அழைப்பதாக என் எண்ணைக் கோடு போட்ட ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் எனக்கு முன்பே நான்கு பேர் அதே படத்தைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.