கமிஷன் கொடுப்பதா, மழைக்குப் பின் போய்ப் பார்ப்பதா: வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்கு அடுத்த வேலை வரும் வழி

தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுப்பவருக்கு அடுத்த வேலை விளம்பரத்தாலோ, ஹார்டுவேர் கடைக்காரருக்கும் பிளான் போடுபவருக்கும் தரும் கமிஷனாலோ, பழைய வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லாலோதான் வருகிறது. நான் கமிஷனை நிறுத்தி, அந்தப் பணத்தை முடித்துக் கொடுத்த வீடுகளின் பராமரிப்புக்குத் திருப்பியவன் என்பதால், இந்த அலசல் நடுநிலையானதன்று.

சுவர் விளம்பரமும் முகநூலும் அழைப்புகளைக் கொண்டுவருகின்றன. ஆனால் அழைப்பவர்களில் பெரும்பாலோர் சதுர அடி ரேட்டைக் கேட்டுவிட்டுக் குறைத்துச் சொல்பவரிடம் போய்விடுகிறார்கள்.

தொழிலுக்குப் புதியவருக்குக் கமிஷன் உதவும் என்பதை மறுக்க மாட்டேன். எனினும், 25 லட்ச ரூபாய் வேலைக்கு 2 சதவீதம் என்றாலும் 50,000 ரூபாய் ஆகிறது. அதை ரேட்டில் ஏற்ற வேண்டும், இல்லையேல் பொருளில் குறைக்க வேண்டும். அப்படி வந்த வாடிக்கையாளர் கடைசிவரை கடைக்காரரின் ஆளாகவே இருப்பார்.

வாய்ச்சொல் பிறப்பது வேறு வழியில்: வீடு கட்டப்போகும் உறவினர், நான் கட்டிக் கொடுத்த புது வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, "மழைக்கு எப்படி இருக்கிறது?" என்பதே. ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், வீட்டுக்காரர் அழைக்கும் முன்பே, ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் அழைத்துக்கொண்டு நானே போய்விடுகிறேன். செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், அவை சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசியிருந்தாலும் மயிரிழை விரிசல் விழக்கூடும். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியும், குளியலறைக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்திலும் ஓதம் காட்டலாம். ஈரத்தில் ஊதிய மரக்கதவு நிலையில் இடிக்கலாம். இவற்றுள் பல ஒரு நாள் கூலியில் தீர்ந்துவிடும். அதே விரிசலுக்கு நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்ட பிறகு போனால், வேலை சுத்தமாக முடிந்தாலும் பேர் கெட்டதுதான். எது இலவசம், எவ்வளவு காலத்துக்கு என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்காரர் டிஷ் ஆன்டெனாவுக்காகத் தளத்தில் போட்ட ஓட்டை நம் கணக்கில் சேராது. கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழை முடிந்தபின் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், பேச வந்தவரின் தயக்கம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஓசூரில் இது இதே அளவு பலிக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கு நான் செய்த வேலைகள் குறைவு. தொழிற்சாலை வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரின் மச்சானும் சித்தப்பாவும் வேறு மாவட்டத்தில் வீடு கட்டுவார்கள். அவ்வாறான இடத்தில் விளம்பரமே மேலாக இருக்கலாம். கிடங்கு, பள்ளிக் கட்டடம் போன்றவற்றிலும் பெரும்பாலும் விலைதான் முடிவு செய்கிறது.

எங்கள் பக்கத்தில் பலர் கீழ்த்தளத்தை மட்டும் கட்டிவிட்டு, மாடிக்கென்று தூண் கம்பிகளை நீட்டி விட்டுவைக்கிறார்கள். மாடி எடுக்கும் காலம் வரும்போது அவர்களும் நாலு இடத்தில் ரேட் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கேட்ட ரேட்டை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.