டூரிங் பைக்கில் புது ஸ்டீரியோ: பாட்டும், கூடவே வந்த கொய்ங் சத்தமும்

பைக்கில் கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, ஆம்ப் (பாட்டின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) வைத்து நல்லதாக மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் பைக்கில் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய், ஃபேரிங்கை, அதாவது முன்பக்க உறையை, முழுசாகக் கழற்றித் திரும்ப மாட்டிய சூட்டில் இருந்ததால் போனில் நிதானமாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பது இது: 6.5 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஃபேரிங்குக்குள் ஒரு கிளாஸ் டி (சூடு குறைவாக ஆகும் வகை) ஆம்ப், பாட்டைப் போடும் ஹெட் யூனிட் மட்டும் பழையதேதான். மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் பிரமாதம். நான் சொல்வது வால்யூமை அல்ல, தெளிவை. பழைய ஸ்பீக்கரில் வேகம் பிடித்ததும் பாடுகிறவர் குரல் காற்றில் கரைந்துபோகும், தாளம் மட்டும் தட் தட் என்று மிஞ்சும். இப்போது நெடுஞ்சாலை வேகத்திலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. பாடகர் வரிக்கு நடுவில் மூச்சு இழுப்பதுகூடத் தெரிகிறது. மணிக்கு 60 கி.மீ. தாண்டினாலே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெல் பக்கம் போய்விடும். 100-க்கு மேல் போகும்போது கேட்கவே வேண்டாம். அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு குரல் காதுக்கு வருவது பெரிய விஷயம்.

ஆனால் இதை ஆம்பின் வாட் மட்டும் செய்துவிடவில்லை. பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். ஆகவே ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 93 தருவதைப் போட்டாலே ஆம்பை இரட்டிப்பாக்கிய பலன் வந்துவிடும். அப்புறம், காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி கீழ் ஸ்தாயி. ஓடும்போது பேஸை ஏற்றினால் பவர்தான் வீண். ஆம்பில் கீழ் ஸ்தாயியை வெட்டிவிடும் ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸ் அருகில் வைத்ததும் குரல் பளிச்சென்று முன்னால் வந்துவிட்டது. காதில் இயர்பிளக் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் தெளிவு. நம்ப மாட்டீர்கள், வைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது அந்தக் கொய்ங்.

ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். பாட்டுக்குப் பின்னால் மெல்லிசாக, கொசு காதருகில் சுற்றுவதுபோல, இன்ஜினோடு சேர்ந்து ஒரு சத்தம். வேகமாகப் போகும்போது காற்று அதை அமுக்கிவிடும். மெதுவாக, ஆளில்லாத மலைப் பாதையில், ஒரு வயலின் தனியாக வாசிக்கும் இடத்தில்தான் அது துல்லியமாகக் கேட்கும். இத்தனை செலவும் எந்த நேரத்துக்காகச் செய்தேனோ, சரியாக அந்த நேரத்தில்.

பொருத்திக் கொடுத்தவரிடம் போய் நின்றால், “பைக்னா அப்படித்தாங்க இருக்கும், ஆல்டர்னேட்டர் சத்தம்” என்றார். இரண்டாவது முறை போனபோது இந்த மாதிரிச் சத்தத்தைத் தடுக்கும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் சிக்னல் வயருக்கு நடுவில் செருகினார். கொய்ங் குறைந்தது, கூடவே பேஸும் குறைந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர்; மலிவானது என்றால் கீழ் ஸ்தாயியைத் தின்றுவிடும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொய்ங்கோடே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ரெகுலேட்டர் போனதற்கு ஆம்ப்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது ஆம்ப் இல்லாத பைக்கிலும் போகும் பொருள். ஆனால் அதை மாற்றிய மெக்கானிக் ஆம்பையும் ஒரு பார்வை பார்த்தார். பாட்டை நன்றாக ஏற்றி வைக்கச் சொல்லி, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட் ஆடிக்கொண்டிருந்தது. எர்த் போல்டைக் கழற்றினார். வட்ட டெர்மினலுக்கு அடியில் பிராக்கெட்டின் கறுப்புப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. சுரண்டவே இல்லை. இத்தனை நாளும் கரண்ட் போய்வந்தது போல்டின் மரை வழியாக மட்டும்தான்.

ஹெட் யூனிட்டுக்கு ஒரு எர்த், ஆம்புக்கு இப்படி அரைகுறையாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வந்தால், சார்ஜிங் லைனில் இருக்கும் அலை சிக்னல் வயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை வழியாக உள்ளே நுழைந்துவிடும். இன்ஜின் வேகம் கூடினால் அலையும் விரைவாகும், சுருதி ஏறும். இது ஒன்றும் ரகசியம் இல்லை, இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். மெக்கானிக் தனியாக ஒரு செம்பு வயரை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தார். பத்து நிமிட வேலை. கொய்ங் போயே போய்விட்டது.

சந்தோஷப்பட வேண்டும், தெரிகிறது. ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு துண்டு உப்புத்தாளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு “அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு எத்தனை நல்ல பாதைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பெயின்ட்டே சுரண்டாதவர் உள்ளே வேறு என்னென்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது. ஃபேரிங் திறந்திருக்கும்போதே எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. அதற்கு முன்னால் வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டிருந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. பவர் வயரும் செம்பு இல்லை, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். இரண்டையும் மாற்றியாகிவிட்டது.

ஆக, நண்பருக்கு என் பதில்: ஆம்ப் வேண்டாம். ஆமாம், இவ்வளவு புகழ்ந்த பிறகும் அதைத்தான் சொல்கிறேன். சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்குத் தரும் டெசிபெல்) கூடுதலாக உள்ள ஸ்பீக்கர் ஜோடி மட்டும் வாங்குங்கள், அதன் ஓம் அளவு (மின்தடை) ஹெட் யூனிட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் ஃபோம் கேஸ்கெட் வைத்து இடைவெளி இல்லாமல் இறுக்குங்கள். பேட்டரி பக்கம் போகவே வேண்டாம். இல்லை, ஆம்ப் வைத்தே தீருவேன் என்றால், ஃபேரிங்கை மூடுவதற்கு முன் எர்த் போல்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.