ஒரே எஞ்சினுக்கு மூன்று சட்டை

பிரிட்டனின் கிளாஸ் 47 டீசல் எஞ்சினை மூன்று காலத்து வண்ணங்களில், ஒரே பெட்டியில் போட்டுத் தரும் மாடல் செட் இது. 1:76 அளவு, அதாவது நிஜ எஞ்சினில் 76-ல் ஒரு பங்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். மூன்றுக்கும் உடல் ஒன்றேதான், பெயின்ட் மட்டும்தான் வேறு. அதனால் என் மதிப்பெண்ணும் பெயின்டுக்குத்தான். மோட்டார் நன்றாக ஓடுகிறது. அந்தப் பேச்சை அதோடு விடுகிறேன்.

முதலில் பச்சை. 1962-ல் இந்த எஞ்சின்கள் வரத் தொடங்கியபோது போட்டிருந்த சட்டை: அடர் பச்சையும் வெளிர் பச்சையும், முகத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம். செட்டிலேயே இதுதான் அருமை. பெயின்ட் அவ்வளவு மெல்லிசு. இந்த அளவில், தலைமுடி கனத்துக்கு பெயின்ட் ஏறினாலே நிஜ எஞ்சினில் 5 மி.மீ. பூசியதற்குச் சமம், கிரில், கதவு இடுக்கு எல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும். இதில் கிரில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. இரண்டு பச்சையும் சேரும் கோட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பிசிறே இல்லை.

அடுத்தது நீலம். 1965-ல் அரசு ரயில் நிறுவனமான ‘பிரிட்டிஷ் ரயில்’, தன் எஞ்சின்கள் எல்லாவற்றையும் ஒரே நீலத்துக்கு மாற்றத் தொடங்கியது. அதன் இரட்டை அம்புச் சின்னம் வந்ததும் அப்போதுதான். சில ஆண்டுகளில் எஞ்சினின் முகம் முழுக்க மஞ்சளானது. அது அழகுக்காக இல்லை. நீராவி எஞ்சின் புகையும் இரைச்சலுமாக வரும். தண்டவாளத்தில் வேலை செய்பவர் முன்கூட்டியே ஒதுங்கிவிடுவார். டீசலும் மின்சார எஞ்சினும் அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமல் நெருங்கிவிடும். அவர் கண்ணில் படத்தான் அந்த மஞ்சள்.

அந்த மஞ்சளில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். நீல பிளாஸ்டிக் மேல் நேரடியாக மஞ்சளை அச்சடித்ததில், முகத்தின் விளிம்புகள் பாசி படிந்த மாதிரி பச்சை தட்டிக் கிடக்கின்றன. அடியில் ஒரு கோட் வெள்ளை கொடுக்க வேண்டும் என்பது சுவருக்கு வண்ணம் அடிப்பவருக்கே தெரியும். பொறுக்காமல் நானே டேப் ஒட்டி, வெள்ளை பிரைமர் ஊதி, அதன் மேல் இரண்டு கோட் மஞ்சள் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடியைக் கழற்றாமல் ஊதியதில் ஒரு பக்கக் கண்ணாடி மங்கிவிட்டது. அது என் அவசர புத்தி. கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்றாவது, 1986-ல் வந்த நெட்வொர்க் சவுத்ஈஸ்ட் என்ற பிரிட்டிஷ் ரயில் பிரிவின் சட்டை. லண்டனையும் அதைச் சுற்றிய ஊர்களையும் இணைத்த பயணிகள் ரயில்களுக்கு சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள். ஸ்டேஷன் விளக்குக் கம்பங்களைக்கூட சிவப்பாக்கிய உற்சாகம் அவர்களுக்கு! டிரைவர் அறைப் பக்கம் பட்டைகள் மேல்நோக்கி வளையும் இடம்தான் மாடல்காரர்களுக்குச் சோதனை. கதவு இடுக்கைத் தாண்டியதும் சிவப்பு மட்டும் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. ஓடும்போது தெரியாது, அலமாரியில் நிற்கும்போது கண்ணை உறுத்துகிறது.

பச்சை தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நீலத்தை வாங்குகிறவர்கள் மஞ்சள் டப்பா ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முகம் உண்டு. நான் ஒன்றைத்தான் திருத்தியிருக்கிறேன். அதனால் இப்போதைக்கு ரிவர்ஸில் ஓட்டுவதில்லை.