“லேசர்ல செஞ்சா வீங்காது” என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

வலி இருக்காது, வீக்கம் இருக்காது, மறுநாளே வேலைக்குப் போகலாம். இப்படிப் பேசித்தான் சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் வாயின் நாலு பகுதிக்கும் சேர்த்து 3,200 வெள்ளிக்கு ஈறுநோய் லேசர் சிகிச்சை பேக்கேஜ் விற்றது. சனிக்கிழமை மதியம் முடித்து அனுப்பினார்கள். கையில் கொடுத்தது ரசீதும் ஒரு மவுத்வாஷ் போத்தலும்தான். ஞாயிறு காலை வலப்பக்கக் கன்னம் உப்பியது. போன் போட்டால் எடுக்க ஆளில்லை. அவர் சூடான ஒத்தடம் கொடுத்தார், கிராம்பு எண்ணெய் தடவினார். புதுப் புண்ணுக்கு இரண்டுமே ஆகாது. செவ்வாய்க்கிழமை சீழ் வைத்துவிட்டது.

லேசர் சூட்டால்தான் திசுவை வெட்டுகிறது. அதனால் ஓரளவு வீக்கம் வரலாம். வந்தால் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் வடியும். இதைக்கூடச் சொல்லாமல் பணம் வாங்குவது பெரிய தவறு.

முதல் நாள் ஐஸ் மட்டும். உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிட வேண்டும். தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். இரண்டு நாள் கழித்துத்தான் வெதுவெதுப்பான ஒத்தடம். வலிக்கு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஐபுப்ரொஃபென் வீக்கத்தையும் குறைக்கும்; ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சலும் சேர்ந்து டெங்கி சந்தேகம் இருந்தால் அறவே வேண்டாம்.

முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சுகுழல் வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு மெதுவாக. 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், காலை மாலை. பற்பசைக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடாவிட்டால் மருந்து வீணாகும். அதைப் பயன்படுத்தும் நாட்களில் கோப்பியும் தேயும் பல்லில் கறையாகப் படியும். சாப்பாடு ஆறிய கஞ்சி, தயிர்சாதம், இட்லி. சம்பலும் முறுக்கும் பிறகு.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், சீழ் வந்தால், அன்றே பல் மருத்துவரிடம் போங்கள். நாக்கின் அடியிலோ தாடைக்குக் கீழோ வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் உடனே 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஏன் சீழ் வைத்தது? ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டிக் கல்லாக இறுகிய அழுக்கான பற்காரையை அங்கே பயன்படுத்திய டயோட் லேசரால் எடுக்க முடியாது; அதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். சுரண்டாமல் மேலே லேசரை ஓட்டினால், ஈறின் வாய் இறுகிக்கொள்ளும், அழுக்கு உள்ளே அடைபடும். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் கடைவாய்ப்பல் வேரோரம் காரை முள்போல நீட்டிக்கொண்டு தெரிந்தது. சர்க்கரை நோய் உண்டா, கடைசி எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவு) எவ்வளவு என்றும் அங்கே யாரும் கேட்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், கிருமி சுலபமாகப் பிடிக்கும்.

பணம் கட்டுமுன், ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்த ஈறுப்பை (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஆழத்தின் அட்டவணையைக் கேளுங்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்தான் கவலைப்பட வேண்டியது. அளக்காமலே லேசர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் பெயர் ஈறுநோய் நிபுணராகப் பதிவாகியிருக்கிறதா என்று சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். வார இறுதியில் கூப்பிட என்ன எண் என்று எழுதி வாங்குங்கள். மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் கழிப்பதாகச் சொன்னால், எந்த அறுவை, எந்தப் பல் என்று படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு இரண்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். வீக்கத்தைத் தினமும் ஒரே கோணத்தில் படமெடுத்து வையுங்கள். சிகிச்சை பற்றிய புகார் பல் மருத்துவ மன்றத்துக்கு, பேக்கேஜ் பணம் பற்றியது பயனீட்டாளர் சங்கத்துக்கு. மீதிப் பகுதிகளைச் செய்ய அதே நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை; பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் காட்டலாம்.