விலையில் கை வைப்பதா, பொருள் வரத்தில் கை வைப்பதா? ஆன்லைன் கேம் சந்தைகளை அடக்க நான்கு வழிகள்

ஆன்லைன் கேம் ஒன்றில் வீரர்களே வாங்கி விற்கும் சந்தை வந்துவிட்டால், கூடவே இரண்டு புகார்களும் வந்துவிடும். "நாலு பேர் சேர்ந்து எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு விலையை ஏற்றிவிட்டார்கள்" என்பது ஒன்று. "ராத்திரி பகலாக ஆடிச் சேர்த்த ஐட்டம் இப்போது அடிமாட்டு விலைக்குப் போகிறது" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் சொல்வதும் உண்டு.

கேமை நடத்தும் நிறுவனம் என்னதான் செய்யலாம்? சுற்றிச் சுற்றிப் பார்த்தால் நான்கு வழிகள்தான் தேறுகின்றன. விலைக்கு வரம்பு கட்டலாம். விலையை அதன் போக்கில் விட்டு, விற்பனைக்கு வரி போடலாம். பொருள் எவ்வளவு பிறக்கிறது, எவ்வளவு அழிகிறது என்பதைக் கையில் எடுக்கலாம். இல்லையென்றால் வியாபாரத்தையே கடினமாக்கலாம், மூடியும் விடலாம். நான்கையும் பெரிய கேம்கள் செய்து பார்த்துவிட்டன. யாருக்கு என்ன ஆனது என்பது நம் முன் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிஜ அரசாங்கத்தால் நோட்டு அடிக்க முடியும், அரிசி அடிக்க முடியாது. கேம் நிறுவனத்தால் இரண்டும் முடியும். கொன்ற அரக்கன் சில நிமிடங்களில் திரும்ப வந்து நிற்பான்; அவன் மடியில் தங்கமும் இருக்கும், வாளும் இருக்கும். பொருள் வரத்து முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கும்போது விலையைப் பிடித்துத் தொங்குவது தேவைதானா என்பதுதான் என் சந்தேகம்.

விலைக்கு வரம்பு: பின்வாசல் இருந்தால் பலிக்காது

இதற்கு முழுப் பாடம் ரூன்ஸ்கேப். 2007 நவம்பரில் அதில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மையச் சந்தை திறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வழிகாட்டி விலை. அதற்கு மேலும் கீழும் 5 சதவீதத்துக்குள்தான் விற்கலாம், வாங்கலாம். நிஜப் பணத்துக்குத் தங்கம் விற்கும் கும்பல்களை ஒழிக்க வேண்டும் என்று, அடுத்த சில வாரங்களில் நேரடி வியாபாரத்துக்கும் கட்டு வந்தது. இருவர் ஐட்டம் மாற்றிக்கொண்டால், வழிகாட்டி விலைப்படி இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லை. ஆனால் 2001 கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பார்ட்டி தொப்பி போன்ற, இனிமேல் உருவாகவே போகாத பொருள்களின் உண்மையான மதிப்பு வழிகாட்டி விலையைத் தாண்டிப் போய்விட்டது. விற்பவர் என்ன செய்வார்? தொப்பியின் வழிகாட்டி விலை 100, வாங்க ஆள் தயாராக இருக்கும் விலை 150 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் தொப்பியோடு சேர்த்து, பட்டியலில் 50 என்று விலை போட்டிருந்தும் யாரும் சீண்டாத குப்பைப் பொருள் ஒன்றையும் வியாபார ஜன்னலில் வைப்பார். வாங்குபவர் 150 காசு வைப்பார். இரண்டு பக்கமும் சமம், கணினிக்குத் திருப்தி. வீரர்கள் இதற்கு வைத்த பெயரே குப்பை வியாபாரம்தான்.

அப்புறம், வழிகாட்டி விலை வியாபாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். இது தெரிந்ததும் கூட்டமாகச் சேர்ந்து ஒரே பொருளை உச்ச விலைக்கு வாங்கி, நாளுக்கு நாள் ஏற்றி, கடைசியில் கூட்டத்தில் இருந்த அப்பாவிகள் தலையில் கட்டிவிட்டுப் போகும் குழுக்கள் முளைத்தன. விலை தாறுமாறாக ஓடக் கூடாது என்று போட்ட வேலி, அடுத்து விலை எந்தப் பக்கம், எவ்வளவு நகரும் என்பதை ஏய்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது. இதைவிடக் கேலிக்கூத்து வேண்டியதில்லை. 2010 முடிந்து 2011 பிறக்கும் சமயத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 12 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. 91 சதவீதம் தடையற்ற வியாபாரத்துக்கு ஆதரவு. பிப்ரவரியில் கட்டுகள் போயின.

பிளாக் டெசர்ட் ஆன்லைனும் விலைக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் கட்டுகிறது. ஆனால் அங்கே ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பது பெரும்பாலும் முடியாது. எல்லாம் மையச் சந்தை வழியாகத்தான். பின்வாசல் இல்லாததால் வரம்பு நிற்கிறது. அதற்காகத் தட்டுப்பாடு தீர்ந்துவிடுவதில்லை. எல்லோரும் உச்ச விலையில் முன்பதிவு போட்டுக் காத்திருக்கிறார்கள். விலை மிகுந்த ஐட்டம் வந்தால் யாருக்குக் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். பணக்காரருக்குப் போக வேண்டியது பொறுமைசாலிக்குப் போகிறது. அது நியாயம்தான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை என்றாலும் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது.

வரி: பணத்துக்கு வடிகால், பொருளுக்கு அல்ல

இரண்டாவது வழி பரவலானது, சொல்லவும் கொஞ்சம்தான் இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஏலக்கூடம் விற்ற தொகையில் 5 சதவீதம் எடுக்கிறது. கில்ட் வார்ஸ் 2 பட்டியலிட 5, விற்றால் 10 என்று மொத்தம் 15 சதவீதம். ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தைத் தனி கேமாக நடத்தும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் வெகுநாள் வரியே இல்லாமல் ஓட்டி, 2021 டிசம்பரில் 1 சதவீதம் போட்டு, 2025-இல் அதை 2 ஆக்கியது.

வரியின் முதல் வேலை புழக்கத்தில் இருக்கும் பணத்தை உறிஞ்சுவது. இரண்டாவது வேலை, வாங்கி உடனே விற்று லாபம் பார்ப்பவர்களின் கையைக் கட்டுவது. 15 சதவீத வரி என்றால், 100 காசுக்கு வாங்கியதை 110-க்கு விற்றால் கையில் வருவது 93.5 மட்டுமே. கிட்டத்தட்ட 118-க்கு விற்றால்தான் முதலே தேறும். சின்ன ஏற்ற இறக்கத்தில் விளையாடும் ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். பதிலுக்கு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். அவசரத்துக்கு விற்கும் சாதாரண வீரர் அந்த இடைவெளியைத் தன் பையிலிருந்து கட்டுகிறார்.

வரியோடு சேர்த்துப் பேச வேண்டியது வாங்கும் அளவுக்கான வரம்பு. கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பொருளையும் 4 மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒரு எண் உண்டு. சாதாரணப் பொருள்களுக்கு ஆயிரக்கணக்கில், அரிய ஆயுதங்களுக்கு விரல் விட்டு எண்ணும் அளவில். இது விலையைத் தொடுவதே இல்லை. ஒரே ஆள் மொத்தச் சரக்கையும் ஒரே மூச்சில் வளைப்பதை மட்டும் தடுக்கிறது. பல கணக்குகள் வைத்திருப்பவர் இதைச் சுற்றிப் போகலாம், உண்மைதான். இருந்தாலும் பதுக்கலுக்கு எதிராக நான் பார்த்ததில் எளிமையான, பக்கவிளைவு குறைந்த ஆயுதம் இதுதான். விலை வரம்புக்குப் போகும் முன் இதை ஏன் பல கேம்கள் முயல்வதில்லை என்பது புரியவில்லை.

பிறப்பும் அழிவும்: அசல் கட்டுப்பாடு இங்கேதான்

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் உலகத்தில் இருக்கும் மொத்த வளத்துக்கே கணக்கு வைத்துத் தொடங்கியது. ஒரு பொருள் அழிந்தால்தான் அதற்கான மூலப்பொருள் திரும்பிப் பூமிக்கு வரும். கேட்க அழகாக இருக்கிறது. வீரர்களோ கிடைத்ததையெல்லாம் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள், வெளியே வளம் வற்றியது. அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. மொத்த அளவைப் பூட்டினால் முதலில் வந்தவன் ராஜா, பின்னால் வருபவன் பிச்சைக்காரன்.

ஈவ் ஆன்லைன் எதிர்த் திசையில் போனது. 2003-இல் தொடங்கிய இந்த ஐஸ்லாந்து கேமில் கப்பல் வெடித்தால் போனது போனதுதான். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த ஒரே சண்டையில் 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. கேமில் அதைவிடப் பெரிய கப்பல் வகை கிடையாது. எவ்வளவு அழிகிறதோ அவ்வளவு தேவை பிறக்கிறது. சுரங்கம் வெட்டுபவருக்கும் கப்பல் கட்டுபவருக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. 2007-இல் முழுநேரப் பொருளாதார நிபுணரையே வேலைக்கு எடுத்தார்கள்.

அந்த கேமிலும் நிறுவனம் தெரியாமலேயே விலையை நிர்ணயித்துக்கொண்டிருந்த காலம் உண்டு, இரண்டு முனையிலும். கேமுக்குள் நிறுவனமே நடத்தும் கணினிக் கடைகள் ஷட்டில் என்ற சின்னக் கப்பலை நிலையான விலைக்கு, எத்தனை வேண்டுமானாலும் விற்றன. அதை உருக்கினால் டிரிட்டானியம் கிடைக்கும். அந்தக் கனிமம் சந்தையில் ஓரளவுக்கு மேல் ஏறினால் ஷட்டிலை வாங்கி உருக்கினாலே லாபம். ஆக யாரும் அறிவிக்காத ஓர் உச்சவரம்பு உருவாகிவிட்டது. கீழ் முனையில் காப்பீடு. கப்பல் போனால் நிர்ணயித்த தொகை கிடைக்கும். கனிமம் மலிந்து, கப்பல் கட்டும் செலவு அந்தத் தொகைக்குக் கீழே போனதும், கட்டு, காப்பீடு எடு, நீயே வெடிக்க வை, காசை வாங்கு என்று ஒரு தொழிலே நடந்தது. பிற்பாடு கடை ஷட்டில்களை நிறுத்தினார்கள், காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலையோடு கட்டினார்கள். நிலையான விலையில் கணினி வாங்கும், விற்கும் ஒவ்வொரு இடமும் ஒளிந்திருக்கும் விலைக் கட்டுப்பாடுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரத்தைக் குறைப்பதிலும் ஈவ் அடிபட்டிருக்கிறது. 2019, 2020 வாக்கில் கனிம வரத்தை வெகுவாகச் சுருக்கினார்கள். சரக்கு பெருகிவிட்டது, இழப்புக்கு மதிப்பே இல்லை என்பது காரணம். ஏற்கெனவே கிடங்கு நிறைய வைத்திருந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். பெரிய கப்பல்களின் விலை யானை விலை குதிரை விலை ஆனதும் பலர் அவற்றைச் சண்டைக்கே எடுக்கத் தயங்கினார்கள். கப்பல் வெளியே வராவிட்டால் வெடிக்காது. வெடிக்காவிட்டால் தேவையும் இல்லை. 2021 இறுதியில் பிடியைத் தளர்த்தினார்கள்.

ஆல்பியன் ஆன்லைன் செய்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அங்கே அரக்கர்களிடம் கிடைக்கும் ஆயுதங்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. கேர்லியன் நகரத்தின் கருப்புச் சந்தையில் கணினி ஒரு விலை கேட்கும்; வீரர்கள் தாங்கள் செய்த பொருளை அங்கே விற்பார்கள்; அதுதான் பிறகு அரக்கனிடமிருந்து இன்னொருவருக்குக் கிடைக்கும். விற்க ஆள் வராவிட்டால் கணினி கேட்கும் விலை ஏறிக்கொண்டே போகும். ஆபத்தான பகுதிகளில் செத்தால் மேலே இருப்பதில் ஒரு பங்கு நொறுங்கிப்போகும். நிறுவனம் இங்கே விலைப்பட்டியல் எழுதவில்லை, பொருளின் ஓட்டத்தை மட்டும் வடிவமைத்திருக்கிறது.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் வேறு மாதிரி. அங்கே உயர்ந்த ஆயுதங்கள் பொதுவாக அழிவதில்லை, ஆகவே எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். விற்பனை வரியில் ஒரு பகுதியை எடுத்து, தேர்ந்தெடுத்த ஐட்டங்களைச் சந்தையிலேயே வாங்கி நிறுவனம் அழித்துவிடுகிறது. வீரர் கையிலிருப்பதைப் பிடுங்காமல், விற்க வந்தவருக்குக் காசு கொடுத்தே சரக்கைக் குறைக்கும் வித்தை.

இந்த வழியின் ஆபத்து வேகம். 2025 அக்டோபரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில், கத்திக்கு ஒரு படி கீழான தரத்தில் இருக்கும் ஆயுதத் தோற்றங்களைக் கொடுத்துக் கத்திகளைப் பெறும் வழியை அதன் நிறுவனமான வால்வ் திறந்ததும், கத்திகளின் விலை ஓரிரு நாளில் சரிந்தது. அந்தத் தோற்றங்களின் விலை எகிறியது. நிஜப் பணம் போட்டவர்கள் தலையில் இடி. சரக்கு நீண்ட நாள் கையில் தங்கும் சந்தையில் வரத்தைச் சிறுகச் சிறுகத்தான் மாற்ற வேண்டும்.

வியாபாரத்தையே சுருக்குவது

2012-இல் வந்த டயாப்லோ 3-இல் தங்கத்துக்கு ஓர் ஏலக்கூடம், நிஜப் பணத்துக்கு ஓர் ஏலக்கூடம். நல்ல ஐட்டம் வேண்டுமென்றால் அரக்கனைக் கொல்வதைவிடப் பட்டியலைப் புரட்டுவது சுலபம் என்று ஆனது. கொன்று குவித்துப் பொருள் அள்ளுவதற்காகவே இருக்கும் கேமுக்கு அது தற்கொலை. 2014 மார்ச் 18 அன்று இரண்டையும் மூடி, சிறந்த பொருள்களை விற்க முடியாதபடி வீரரின் கணக்கோடு பூட்டி, அவை கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டினார்கள். அந்த கேமுக்கு அதுவே சரி.

பாத் ஆஃப் எக்ஸைல் நடுவழியில் நின்றது. வெகுநாள் அங்கே வியாபாரம் இருந்தது, ஆனால் வேண்டுமென்றே சிரமமாக வைத்திருந்தார்கள். வியாபாரம் சுலபமானால் பொருள் கிடைப்பதைக் குறைக்க வேண்டிவரும் என்று தயாரிப்பாளர்கள் 2017-இல் வெளிப்படையாகவே விளக்கினார்கள். 2024-இல் நாணயப் பரிமாற்றச் சந்தையைத் திறந்தபோது கட்டணத்தைத் தங்கத்தில் வைத்தார்கள். அந்தத் தங்கத்தை யாருக்கும் கைமாற்ற முடியாது, ஆடித்தான் சேர்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் ஓயாமல் வாங்கி விற்பவருக்கும், ஆளில்லாமல் தானாக இயங்கும் நிரல்களான பாட்களுக்கும் அது முட்டுக்கட்டை. வெறும் சதவீத வரியைவிட இது புத்திசாலித்தனமானது. லாஸ்ட் எப்போக் 2024-இல் முடிவை வீரரிடமே விட்டது: வணிகர் சங்கத்தில் சேர்ந்தால் வியாபாரம், இன்னொரு சங்கத்தில் சேர்ந்தால் வியாபாரம் கிடையாது, பதிலுக்குப் பொருள் அதிகம் கிடைக்கும்.

எதை எங்கே?

பொருள் அழியும் கேம் என்றால், சண்டையில் போவதோ தேய்ந்து போவதோ எதுவானாலும், விலையைத் தொடவே வேண்டாம். சிறிய வரி, நேர வாரியாக வாங்கும் வரம்பு, இரண்டும் போதும். பொருள் அழியாத கேம் என்றால் முதலில் ஓர் அழிவு வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஓல்டு ஸ்கூல் பாணியில் வாங்கி அழிப்பது அதிகம் வலிக்காத வழி. அதைச் செய்யாமல் வரியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பணம் வற்றும், சரக்கு மலை மாதிரி நிற்கும், விலை விழுந்துகொண்டே இருக்கும். தேடிக் கண்டெடுப்பதே சுகம் என்ற வகை கேமுக்கு லாஸ்ட் எப்போக் வழிதான் என் தேர்வு.

விலை வரம்புக்கு நான் இடம் கொடுப்பது ஒரே இடத்தில்: ஆள் குறைந்த சர்வரில். ஒரு பொருளை விற்பவர் மூன்றே பேர் என்றால் அங்கே சந்தை விலை என்று எதுவும் கிடையாது, அந்த மூவரின் மனநிலைதான் விலை. அப்போது கணினிக் கடை ஒன்று அதே பொருளை வழக்கமான விலையைப்போல நான்கைந்து மடங்குக்கு விற்கட்டும். ஷட்டில் தற்செயலாகச் செய்த வேலையை இது தெரிந்தே செய்யும். சாதாரண நாளில் அந்தக் கடைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். மூவரும் கூட்டுச் சேர்ந்த நாளில் மட்டும் அங்கே கூட்டம் இருக்கும்.